இரண்டாம் மகாயுத்தமும் ஒரு நாட்டுப்புற மிருக வைத்தியசாலையும்

பண்டைத் தமிழர் போரொழுக்கத்துக்கு இலக்கணம் வகுத்தபோது ஆநிரை கவர்தலையே அதன் தொடக்கமாக வைத்தனர். வெட்சி சூடி நிரை கவர்தலும் கரந்தை சூடி அந்நிரையை மீட்டலும் நிகழ்ந்த பின்னரே ஏனைப் போர்த்துறைகள் தொடரும். மாடு என்னுஞ் சொல் விலங்கையும் செல்வத்தையும் ஒருங்கே குறித்து நின்றது. புறநானூற்றிலே நெட்டிமையார் பாடிய பாட்டொன்று, போர் தொடங்குமுன் அரண் தேடிக்கொள்ளுமாறு அறிவிக்கப்பட்டோருள் ஆவினையும் சேர்த்து எண்ணுகின்றது. போரின் முதலடி தொழுவத்திலே விழும் என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர் என்பது இவற்றாற் புலனாகும்.

இக்கால வரலாற்று நூல்களோ படைநகர்வையும் உடன்படிக்கைகளையும் தலைவர்தம் உரைகளையும் விரித்துக் கூறி, நாட்டுப்புறத்து மாட்டுக்கும் அதனைப் பேணிய மருத்துவனுக்கும் யுத்தம் என் செய்தது என்பதைப் பெரும்பாலும் கூறாது விடுகின்றன. அக்குறையை ஓரளவு நிறைவு செய்யும் பொருட்டு, இங்கிலாந்தின் வடபாகத்திலே யோர்க்ஷயர் மாகாணத்துத் தேர்ஸ்க் என்னும் சிறு சந்தை நகரில், கேர்க்கேற் வீதி 23ஆம் இலக்க இல்லத்தில் நடைபெற்ற ஒரு மிருக வைத்தியசாலையை எடுத்துக்கொண்டு, 1939ஆம் ஆண்டு செப்தெம்பர் 3ஆந் திகதி பிரித்தானியா யுத்தப் பிரகடனஞ் செய்த காலத்தில் அத்தொழில் எதிர்நோக்கிய நிலையை ஈண்டு ஆராய்வாம்.

இவ்வில்லத்தை நாம் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. ஜேம்ஸ் ஹெரியற் என்னும் புனைபெயரில் 1970ஆம் ஆண்டு தொடக்கம் வெளிவந்த நூல்கள் வாயிலாக உலகெங்குமுள்ள வாசகர் அறிந்துகொண்ட மிருக வைத்தியசாலை இதுவே. ஆசிரியரின் இயற்பெயர் ஜேம்ஸ் அல்பிரட் வைற் என்பது. தம் தொழிலைத் தாமே விளம்பரஞ் செய்தல் மிருக வைத்தியர்க்கு விலக்கப்பட்டிருந்தமையின் அவர் புனைபெயர் பூண்டார். நூல்களில் வரும் டரோபி நகருக்குத் தேர்ஸ்க் நகரும், சீக்பிரீட் என்னும் மூத்த வைத்தியருக்கு டொனல்ட் சின்கிளெயரும், திறிஸ்ரன் என்னும் இளையவருக்கு டொனல்டின் தம்பி பிரயன் சின்கிளெயரும் மூலமாயினர். கதையில் இளம் வைத்தியர் அந்நகரை அடைவது 1937ஆம் ஆண்டில். ஆதலின், யுத்தத்துக்கு முற்பட்ட ஓர் அமைதியான பொற்காலம் அங்கு நிலவியது எனவும், 1939இல் யுத்தம் வந்து அதனைக் குலைத்தது எனவும் வாசகர் எண்ணுவது இயல்பு. இவ்வெண்ணம் வரலாற்றோடு பொருந்துமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

குதிரை சென்ற யுத்தமும் பசு நின்ற யுத்தமும்

1939இன் நிலையை விளங்கிக்கொள்வதற்கு 1914இன் நிலையோடு அதனை ஒப்புநோக்கல் வேண்டும். முதலாம் மகாயுத்தம் தொடங்கியபோது பிரித்தானியப் படையிடம் ஏறத்தாழ 25,000 குதிரைகளே இருந்தன. ஆகவே இரு வாரங்களுக்குள் நாடெங்கணும் பண்ணைகளிலும் தெருக்களிலும் இருந்த குதிரைகளில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்டவற்றை அரசு கையேற்றது. குதிரை சென்ற வழியே குதிரை வைத்தியனும் சென்றான். 1918ஆம் ஆண்டளவில் பிரித்தானிய மிருக வைத்தியருள் ஏறத்தாழ அரைப்பங்கினர் படையின் மிருக வைத்தியப் பிரிவிற் சேவை செய்தனர். அவர்தம் பணியைப் பாராட்டும் முகமாக அப்பிரிவுக்கு 1918 நவம்பரில் அரச பட்டம் வழங்கப்பட்டது. கிராமத்திலோ பல தொழுவங்கள் வைத்தியனின்றிக் கிடந்தன.

இரண்டாம் மகாயுத்தத்தின் போது குதிரைப் படைப் பிரிவொன்று தன் குதிரைகளுடன் பாலஸ்தீனத்துக்கு அனுப்பப்பட்டதுண்டு. எனினும் படை பெரும்பாலும் இயந்திர ஊர்திகளையே நம்பியது. கிராமத்துக் குதிரை கிராமத்திலேயே நின்றது. அங்கும் அதன் காலம் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. 1939இல் பிரித்தானியப் பண்ணைகளில் ஏறத்தாழ 6½ இலட்சம் குதிரைகளும் 50,000க்குச் சற்று மேற்பட்ட உழவு இயந்திரங்களும் இருந்தன. யுத்தம் முடிந்தபோது உழவு இயந்திரங்களின் தொகை ஏறத்தாழ இரண்டு இலட்சமாயிற்று.

மிருக வைத்தியத் தொழிலுக்கு இதனால் விளைந்த ஆபத்துச் சிறிதன்று. தலைமுறை தலைமுறையாக அத்தொழிலின் முதற்பொருளாக விளங்கியது குதிரையே. கல்லூரிகளில் உடற்கூற்றியல் குதிரையின் உடலைக்கொண்டே கற்பிக்கப்பட்டது. குதிரை மறையின் வைத்தியனும் மறைவானோ என்னும் ஐயம் அக்காலத்து மிருக வைத்தியர் பலரை வாட்டியது. அவ்வையத்துக்கு விடை கூறியது யுத்தமே என்பது பின்னர்ப் புலப்படும்.

யுத்தத்தின் முன்னைய வறுமை

1930ஆம் ஆண்டுகளிலே பிரித்தானியக் கமத்தொழில் நலிவுற்றிருந்தது. நாட்டின் உணவில் மூன்றில் இரண்டு பங்குக்கு அண்மித்த அளவு கடல் கடந்து வந்தது. விளைபொருள் விலை வீழ்ச்சியுற்றமையாற் கமக்காரர் வைத்தியனுக்குப் பணங் கொடுக்க வகையற்றிருந்தனர். ஓராட்டின் விலையினும் வைத்தியன் வருகைக்குரிய கூலி மிகுதியாயின், ஆட்டைச் சாகவிடுதலே இலாபம் எனக் கருதினோர் பலர். அன்றியும், 1881ஆம் ஆண்டுச் சட்டம் மிருக வைத்தியர் என்னும் பட்டத்தைப் பாதுகாத்ததேயன்றித் தகுதியற்றோர் வைத்தியஞ் செய்வதைத் தடுக்கவில்லை. ஆகவே பட்டம் பெற்ற வைத்தியன் கைமருந்துக்காரருடனும் போட்டியிட வேண்டியவனாயினான். இக்குறை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே நீங்கிற்று.

கல்வி நிலையங்களின் நிலையும் இரங்கத்தக்கதாகவே இருந்தது. அல்பிரட் வைற் பயின்ற கிளாஸ்கோ மிருக வைத்தியக் கல்லூரி 1925இல் அரச நன்கொடையை இழந்து, மாணவர் கட்டணத்தையும் அன்பர் உதவியையும் கொண்டே உயிர்வாழ்ந்தது. 1949இலேதான் அது கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. கற்று வெளியேறியவர்க்கு வேலை அருமையாகவே கிடைத்தது. உணவும் உறையுளும் கிடைத்தாற் போதும், ஊதியம் வேண்டா என விளம்பரஞ் செய்த இளம் வைத்தியரும் அந்நாளில் இருந்தனர்.

மருந்துப் பெட்டியோ பழையனவும் புதியனவும் கலந்து கிடந்த ஒரு காட்சிச்சாலை போன்றது. கன்று ஈன்ற பசு திடீரென நிலத்தில் வீழ்ந்து உயிர்விடும் பாற்சுரத்துக்கு, இரத்தத்திற் கல்சியங் குறைதலே காரணம் என்பதை எடின்பரோ நகரத்து ஆய்வாளர் டிறையரும் கிறெய்க்கும் 1925இற் புலப்படுத்தினர். அதன் பயனாகத் தோன்றிய கல்சிய ஊசியை ஏற்றியதும் சிறிது நேரத்திற் பசு எழுந்து நிற்கும். இஃது அக்காலத்துக் கமக்காரரை வியப்பில் ஆழ்த்திய மருத்துவம். சல்போனமைட்டு மருந்துகள் 1935இன் பின் மனிதர்க்குப் பயன்படத் தொடங்கி, மெல்ல மெல்லத் தொழுவத்தையும் அடைந்தன. இவை ஒழிந்த ஏனைய நோய்களுக்குப் பெரும்பாலும் கஷாயங்களும் பூச்சுக்களும் காய்ச்சிய இரும்புமே துணையாயின.

முதல் வாரத்தின் அவலம்

யுத்தத்தின் முதல் வாரத்தில் மிருக வைத்தியர்க்கு நேர்ந்த பெருஞ்சோதனை நாட்டுப்புறத்தில் அன்று, நகரிலே நிகழ்ந்தது. விமானத் தாக்குதலை முன்னிட்டு மிருகங்களைக் காப்பதற்கென 1939 கோடையிலே தேசியக் குழுவொன்று அமைக்கப்பட்டது. அது வெளியிட்ட அறிவுரை, வளர்ப்புப் பிராணிகளை நாட்டுப்புறத்துக்கு அனுப்புமாறும், அனுப்ப இயலாதாயின் அவற்றை வேதனையின்றிக் கொல்லுதலே கருணை எனவும் கூறிற்று. அச்சம் கொண்ட மக்கள் இரண்டாவது கூற்றையே பற்றிக்கொண்டனர். இலண்டன் நகரில் மாத்திரம் அவ்வொரு வாரத்துள் ஏறத்தாழ 4 இலட்சம் நாய்களும் பூனைகளும் கொல்லப்பட்டன எனக் கணக்கிடப்பட்டுள்ளது. குண்டு ஒன்றேனும் அந்நகரில் அப்பொழுது விழவில்லை. கொல்லுமாறு அரசு கட்டளையிடவுமில்லை. மிருக வைத்தியருட் பலர் தடுத்துப் பார்த்தும் பயனில்லாது போயிற்று. காக்கக் கற்ற கைகள் கொல்லுதற்கு அழைக்கப்பட்ட அவ்வாரத்தை அத்தொழிலின் மிக இருண்ட வாரமெனக் கூறுதல் மிகையாகாது. பகைவனிலும் முன்னதாக அச்சமே வந்து உயிர்களைக் கவர்ந்தது.

நாட்டுப்புறத்திலோ சோதனை வேறு வடிவில் வந்தது. செப்தெம்பர் முதலாந் திகதியே இருட்டடிப்பு நடைமுறைக்கு வந்தது. மோட்டார் வண்டியின் முன் விளக்குகள் மூடப்பட்டன. இரவிலே தெருவில் அலையும் பசுக்கள் வண்டிகளில் மோதாதவாறு அவற்றின் உடலில் வெள்ளைக் கோடு தீட்டிய கமக்காரரும் இருந்தனர். அம்மாத இறுதியிற் பெற்றோல் பங்கீடும் தொடங்கிற்று. நள்ளிரவில் ஈனமாட்டாது தவிக்கும் பசுவுக்காக, ஒளியற்ற மலைப்பாதையில் அளந்து கொடுத்த பெற்றோலுடன் செல்வது அன்றைய வைத்தியனின் வழமை ஆயிற்று. வைத்தியர்க்கு மேலதிக பெற்றோல் வழங்கப்பட்டதெனினும், எந்த அழைப்பு முதன்மையானது, எது காத்திருக்கலாம் என்று தூரத்தையும் நோயையும் ஒருங்கே நிறுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

தேர்ஸ்க் இல்லத்தின் உண்மை வரலாறு

இனிக் கேர்க்கேற் வீதி இல்லத்துக்கு வருவோம். டொனல்ட் சின்கிளெயர் 1911இற் பிறந்தவர். எடின்பரோவில் 1933இற் பட்டம் பெற்றவர். யுத்தத்தை அண்டிய காலத்திலேயே தேர்ஸ்க் வைத்தியசாலையை விலைக்கு வாங்கியவர். மேற்கே பென்னைன் மலைச்சாரற் பள்ளத்தாக்குகளும் கிழக்கே ஹம்பிள்டன் குன்றுகளும் எல்லையாக, இடையே பரந்து கிடக்கும் சமவெளியில் அமைந்தது அந்நகர். ஆடு, மாடு, பன்றி, குதிரை என நால்வகை உயிரும் மலிந்த அந்நிலப்பரப்பு மிருக வைத்தியனுக்கு ஒழியாத வேலையைத் தந்தது.

யுத்தம் மூண்டதும் சின்கிளெயர் அரச விமானப் படையிற் சேர முன்வந்தார். அவர் புறப்படின் வைத்தியசாலையை நடத்துவார் யார்? தம்பி பிரயன் அப்பொழுது பட்டம் பெற்றிலர். இந்நெருக்கடியிலேயே அல்பிரட் வைற் தேர்ஸ்க் நகருக்கு வந்தார். அவர் 1916 ஒக்தோபர் 3ஆந் திகதி சண்டர்லண்டிற் பிறந்து, கிளாஸ்கோவில் வளர்ந்து, 1939 டிசெம்பரிலே, அஃதாவது யுத்தந் தொடங்கி மூன்று மாதங் கழிந்த பின்னரே, வைத்தியராகத் தகுதி பெற்றார். 1940 ஜனவரி தொடக்கம் சண்டர்லண்டில் வேலை பார்த்து, ஜூலை மாதத்தில் தேர்ஸ்க்கை அடைந்தார். தாம் படையில் இருக்குங் காலத்து வைத்தியசாலையின் வருமானம் முழுவதையும் வைற்றே எடுத்துக்கொள்ளலாம், அதற்கு ஈடாக அதனைக் காத்துத் தரவேண்டும் என்பதே சின்கிளெயர் விதித்த நிபந்தனை.

1940 ஜூலை என்பதனை மாணவர் உற்று நோக்குதல் வேண்டும். டன்கேர்க் கரையினின்று படைகள் மீண்டு ஒரு மாதமே கழிந்திருந்தது. பிரான்சு வீழ்ந்துவிட்டது. இங்கிலாந்தின் வான்வெளியிற் பெரும்போர் தொடங்கிக்கொண்டிருந்தது. இருபத்து மூன்று வயதினரான ஓர் இளைஞர், தாம் அறியாத நிலத்தில், தனியொருவராய், விரிந்த ஒரு மாவட்டத்தின் கால்நடைகளுக்குப் பொறுப்பாளரானார். தேர்ஸ்க்கைச் சூழ்ந்த சமவெளி அவ்வாண்டுகளில் விமானத் தளங்களால் நிரம்பிற்று. டிஷ்போர்த் முன்னரே இருந்தது. லீமிங்கும் டொப்கிளிப்பும் 1940இலே திறக்கப்பட்டன. இரவில் ஜேர்மனியை நோக்கிக் குண்டுவீச்சு விமானங்கள் எழும் ஒலியின் கீழேதான் அவ்வூர்த் தொழுவங்களிற் கன்றுகள் பிறந்தன.

ஏறத்தாழ நான்கு மாதங்களிற் சின்கிளெயர் படையினின்றும் விடுவிக்கப்பட்டு மீண்டார். வைற்றை நிரந்தரமாகத் தங்குமாறு கேட்டுக்கொண்டார். இவ்வாறு தொடங்கிய கூட்டு, இருவரும் 1995ஆம் ஆண்டிலே சில மாத இடைவெளியில் உலகு நீத்தவரை அரை நூற்றாண்டுக்கு மேலாக நிலைத்தது.

ஏரும் தீனியும் பாலும்

யுத்தம் கமத்தொழிலைத் தலைகீழாக மாற்றியது. கப்பலிடம் அருமையாதலின் உணவை உள்நாட்டிலேயே விளைவித்தல் அவசியமாயிற்று. யுத்தத்துக்கு முன்னரே, 1939 மே மாதத்தில், புல்நிலத்தை உழுவோர்க்கு ஏக்கருக்கு 2 பவுண் உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. யுத்தம் தொடங்கியதும் மாகாணந்தோறும் யுத்தகாலக் கமத்தொழிற் குழுக்கள் அமைந்தன. எந்நிலத்தில் எதைப் பயிரிடுவது என ஆணையிடவும், நிலத்தைப் பேணாதவரிடமிருந்து அதனைப் பறிக்கவும் அவற்றுக்கு அதிகாரம் இருந்தது. யுத்தம் முடிவதற்குள் ஏறத்தாழ 60 இலட்சம் ஏக்கர் புல்நிலம் உழுநிலமாயிற்று.

புல் குறைந்தது, வெளிநாட்டுத் தீனியும் நின்றது. 1941 தொடக்கம் கால்நடைத் தீனிக்கும் பங்கீடு வந்தது. மனிதன் உண்ணும் தானியத்தையே உண்டு வாழும் பன்றியும் கோழியும் இதனால் முதலிற் பாதிக்கப்பட்டன. 1939இல் ஏறத்தாழ 44 இலட்சமாக இருந்த பன்றிகள் 1943இல் 18 இலட்சமளவிற் குறைந்தன. பசுவின் நிலை வேறு. மனிதன் உண்ணாத புல்லை மனிதன் பருகும் பாலாக மாற்றுவது அது. 1940 ஜூலையில் அரசு வகுத்த பாற்றிட்டம் கருவுற்ற தாயர்க்கும் ஐந்து வயதுக்குட்பட்ட சிறார்க்கும் நாளொன்றுக்கு ஒரு பைந்து பாலைக் குறைந்த விலையிலோ இலவசமாகவோ வழங்கிற்று. ஆகவே பாற்பசு ஒரு கமக்காரனின் உடைமை என்ற நிலையைக் கடந்து, நாட்டின் உணவரண்களுள் ஒன்றாயிற்று.

இவ்விடத்திலேயே மிருக வைத்தியத் தொழிலின் விதி மாறியது. பசுக்களை வாட்டி அவற்றின் பாலைக் குறைக்கும் நோய்கள் நான்கு எனத் தொழிற் சங்கத்தினர் எடுத்துரைத்தனர். மடிவீக்கம், கன்றுவீச்சு நோய், மலட்டுத்தன்மை, குடலை அரித்து மெலிவிக்கும் ஜோனி நோய் என்பன அவை. 1942இல் இந்நான்கையும் அடக்குவதற்கென ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. அதன்படி, நோய் கண்ட பின் அழைக்கப்படும் வைத்தியன், நோய் வருமுன்னரே குறித்த தவணைகளில் மந்தையைச் சென்று பார்வையிடலானான். வீழ்ந்த ஒரு பசுவை எழுப்புவதினும், நூறு பசு வீழாது காத்தலே அவன் கடன் என்னும் புதிய கருத்து வேரூன்றிற்று. குதிரையோடு மறைந்துவிடும் என அஞ்சப்பட்ட தொழில் பசுவின் வாயிலாகப் புத்துயிர் பெற்றது. தகுதி பெற்ற வைத்தியர் இன்றியமையாத தொழிலினர் எனக் கருதப்பட்டு, அவர்தம் இடத்திலேயே பணிபுரியுமாறு ஒதுக்கப்பட்டனர். 1914இற் படைக்கு அழைக்கப்பட்ட அதே தொழிலினர் 1939இல் தொழுவத்தில் நிற்குமாறு பணிக்கப்பட்டமை எண்ணத்தக்கது.

அரசு கருணையாலன்றிக் கணக்கினாலேயே வைத்தியனை மதித்தது என்பதையும் மறைத்தலாகாது. பாலின் அளவு குறைந்தமையாற் பசுவின் நோய் கவனிக்கப்பட்டது. பாலில்லா உயிர்கள் கவனிப்பிற் பின்தள்ளப்பட்டன. ஆயினும் கணக்கினால் வந்த கவனிப்பும் பசுவின் வேதனையைக் குறைத்ததேயாம்.

காசநோய் என்னும் தருமசங்கடம்

இக்காலத்து மிருக வைத்தியர் எதிர்கொண்ட மிகக் கடினமான வினா காசநோய் பற்றியது. யுத்தத்துக்கு முன்னர்ப் பிரித்தானியப் பாற்பசுக்களுள் நூற்றுக்கு நாற்பதேனும் அந்நோய்க் கிருமி தொற்றியவை என 1934ஆம் ஆண்டு அறிக்கையொன்று மதிப்பிட்டது. காய்ச்சாத பாலின் வழியே அக்கிருமி சிறுவரை அடைந்து கழலையையும் எலும்பையும் வயிற்றையும் தாக்கியது. ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கு மேற்பட்டோர் மாட்டுவழி வந்த காசநோயால் இறந்தனர் எனவும் மதிப்பிடப்பட்டது. 1925ஆம் ஆண்டு ஆணை, நோய் வெளிப்படையாகத் தெரியும் பசுவைக் கொல்லுமாறு விதித்தது. 1935இல் நோயற்ற மந்தைகளைச் சோதித்துச் சான்றளிக்கும் திட்டம் தொடங்கிற்று. 1938இல் மிருக வைத்திய நிருவாகம் உள்ளூர்ச் சபைகளிடமிருந்து மத்திய அரசின் கைக்கு மாறியது. நோயை வேரறுக்கும் பணி முளைவிட்ட தறுவாயிலேயே யுத்தம் மூண்டது.

கழுத்துத் தோலில் தியூபேர்க்குலின் ஊசியேற்றி, மூன்றாம் நாள் சென்று அவ்விடத்துத் தடிப்பை அளந்து பார்த்தலே சோதனை முறை. தடிப்பு மிகுந்த பசு சான்றுபெற விழையும் மந்தையினின்றும் நீக்கப்படல் வேண்டும். நாடு முழுவதும் இச்சோதனையை ஒருங்கே நடத்தின் நூற்றுக்கு நாற்பது பசுக்களை இழக்க நேரிடும். பால் வேண்டும் என யுத்தம் கேட்டது. பால் தூயதாக வேண்டும் என மருத்துவம் கேட்டது. நாட்டரசு முன்னதற்கே முதலிடம் அளித்தது. அம்முடிவைக் கடிதல் எளிது. பாலே இல்லாத குழந்தைக்கும் நோய்க்கிருமி கலந்த பால் பருகும் குழந்தைக்கும் இடையே ஒன்றைத் தெரிய வேண்டிய நிலையில் அன்றைய ஆட்சியாளர் நின்றனர் என்பதை உணர்ந்தே நாம் தீர்ப்புக் கூறல் வேண்டும்.

ஆயினும் சோதனை அறவே நின்றுவிடவில்லை. தேர்ஸ்க்குக்கு மேற்கேயுள்ள மலைச்சாரலிற் சிறு மந்தைகளைச் சோதிக்கும் பணியில் வைற் ஈடுபட்டார். அவர் 1941 நவம்பர் 5ஆந் திகதி ஜோன் டான்பரி என்னும் நங்கையைத் திருமணஞ் செய்து, காபர்பி என்னும் மலைக்கிராமத்திலே கழித்த தேனிலவு நாள்களிலும் பசுக்களின் கழுத்துத் தோலை அளந்துகொண்டிருந்தார். இதனை நகைச்சுவையாகக் கொள்வோர் உளர். ஆட்குறையும் பணிமிகுதியும் எத்துணை நெருக்கின என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதின்று. அன்று தொடரப்பட்ட அச்சிறு பணி வீண்போகவில்லை. 1950 தொடக்கம் நிலப்பகுதி நிலப்பகுதியாக நோயொழிப்பு நடைபெற்று, 1960 ஒக்தோபரிற் பிரித்தானியாவின் மந்தைகள் யாவும் சான்றளிக்கப்பட்டன.

வைத்தியரும் படைவீரராதல்

ஒதுக்கப்பட்ட தொழிலினராயிருந்தும் வைற் தாமே முன்வந்து 1942 நவம்பரில் அரச விமானப் படையிற் சேர்ந்தார். விமானம் ஓட்டவும் பயின்றார். எனினும் சத்திர சிகிச்சையொன்றின் பின் அவர் உடல்நிலை பறத்தற்கு ஏற்றதன்று எனக் காணப்பட, 1943 நவம்பரில் விடுவிக்கப்பட்டார். வைத்தியனாகப் பயிற்றப்பட்ட ஒருவரை ஓராண்டு காலம் வேறு பணிகளில் வைத்திருந்தமையால் நாடு பெற்ற பயன் யாது என வினவலாம். தேர்ஸ்க் இல்லத்தில் அவ்வாண்டு முழுவதும் இருவர் சுமந்த பாரத்தைப் பெரும்பாலும் ஒருவரே சுமந்திருத்தல் வேண்டும் என்பதே அதற்கு விடை. முதலில் மூத்தவர் போக இளையவர் காத்தார். பின்னர் இளையவர் போக மூத்தவர் காத்தார். யுத்தகாலத்து நாட்டுப்புறத் தொழில்கள் பல இவ்வாறு ஒருவர் தோளிலிருந்து மற்றவர் தோளுக்கு மாறியே நிலைபெற்றன.

ஆண்கள் படைக்குச் சென்ற பண்ணைகளிலே பால் கறத்தலையும் கன்று பேணலையும் பெண்கள் ஏற்றனர். 1939 ஜூனில் மீண்டும் அமைக்கப்பட்ட பெண்கள் நிலப்படை 1943ஆம் ஆண்டளவில் 80,000 பேரைத் தாண்டிற்று. நகரிற் பிறந்து மாட்டையே அண்மையிற் கண்டறியாத இளம் பெண்கள் நோயுற்ற பசுவின் தலையைப் பிடித்து நிற்க, வைத்தியர் ஊசியேற்றிய காட்சி அக்காலத்துக்கே உரியது. பெனிசிலின் அப்பொழுது போர்க்களத்துப் புண்பட்டோர்க்கே உரியதாயிருந்தது. தொழுவத்தை அடைய யுத்தம் முடிய வேண்டியிருந்தது.

கதையும் வரலாறும்

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்பொழுது விடை கூறலாம். ஹெரியற் நூல்கள் காட்டும் யுத்தத்துக்கு முந்திய தேர்ஸ்க் வாழ்வு, அந்நூலாசிரியர் வாழ்ந்த வாழ்வன்று. அவர் தகுதி பெற்றதே யுத்தத்தின் பின். தேர்ஸ்க் வந்ததே யுத்தத்தின் காரணமாக. சின்கிளெயர் படையிற் சேர முனைந்திராவிடின் அக்கூட்டு அமைந்திராது. யுத்தம் வந்து குலைத்ததாக நாம் எண்ணும் இல்லத்தை உண்மையில் யுத்தமே உருவாக்கிற்று. 1940 தொடக்கம் கண்டவற்றை ஆசிரியர் 1937இல் வைத்துக் கூறியபோது, இருட்டடிப்பும் பங்கீடும் விமான ஒலியும் கதையின் முற்பகுதியினின்றும் அகன்றன. எஞ்சியவை மலையும் மாடும் மனிதருமே.

இதனாற் கதையாசிரியரைக் குறைகூறல் முறையன்று. அவர் வரலாறு எழுத முற்பட்டவரல்லர். இடரான காலத்தை அமைதியான காலமாக மாற்றி நினைவுகூர்தல் மனித மனத்தின் இயல்பு. வரலாறு பயிலும் மாணவரின் கடமையோ வேறு. நினைவுநூல் ஒன்றைச் சான்றாகக் கொள்ளுமுன், அதிற் கூறப்படும் ஆண்டையும் எழுதியவர் வாழ்ந்த ஆண்டையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். பட்டம் பெற்ற திகதி ஒன்றே முழுநூலின் காலவரையறையையும் ஐயத்துக்கு உள்ளாக்கும் ஆற்றல் வாய்ந்தது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

இரண்டாவதாக, யுத்தம் அழிவையே தந்தது எனவும் ஆக்கத்தையே தந்தது எனவும் ஒருதலைப்படக் கூறல் பொருந்தாது. தீனியின்றிப் பன்றிகள் குறைந்தன. நகரிலே இலட்சக்கணக்கான சிற்றுயிர்கள் அச்சத்துக்குப் பலியாயின. காசநோயொழிப்புப் பல்லாண்டு தாமதமாயிற்று. மறுபுறத்தில், தகுதி பெற்ற மிருக வைத்தியனின் மதிப்பு உயர்ந்தது. நோய் வருமுன் காத்தல் என்னும் கொள்கை தொழுவத்தை அடைந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழி பிறந்தது. இவ்விரு பக்கங்களையும் ஒரே தராசில் இட்டு நிறுத்தற்கு இயலாது. இரண்டையும் அவ்வவ்விடத்தில் வைத்துக் காணுதலே சாலும்.

கேர்க்கேற் வீதி 23ஆம் இலக்க இல்லம் 1999ஆம் ஆண்டில் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. அங்குச் செல்வோர் கதையில் வரும் வைத்தியரையே தேடிச் செல்வர். அவர்கள் காணும் ஊசியும் மருந்துக் குப்பியும் கதைக்கு மாத்திரம் உரியவையல்ல. நாடு முழுவதும் வானை அண்ணாந்து நோக்கிக்கொண்டிருந்த காலத்திலே, நிலத்திற் கிடந்த வாயில்லாப் பிராணியை நோக்கி முழந்தாளிட்ட சிலருக்கும் அவை உரியன. பீரங்கியின் பெயரும் படைத்தளபதியின் பெயரும் நூல்களில் நிலைத்துள்ளன. அன்று காக்கப்பட்ட பசுவுக்குப் பெயரில்லை. அதன் பாலைப் பருகி வளர்ந்த குழந்தைகளே அதன் வரலாறாவர்.